பெண்ணழைப்பு வண்டி

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலின் முன்னால் நின்றவர்கள் இன்னின்னார்: ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தறி வைத்திருக்கும் சமுத்திரம், அவர் சம்சாரம் சீனியம்மாள், சமுத்திரத்தின் தங்கை செல்வலட்சுமி, தங்கை வீட்டுக்காரர் காமராஜ், வண்டி வாங்கிய அவர்கள் மகன் ராம்குமார், கல்யாணப் பெண்ணான மகள் பாண்டிசெல்வி, பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் வேல்சாமி. வேல்சாமியை யாரும் வரச் சொல்லவில்லை. அவர் வீடு அதே தெருவில். புது வண்டி நிற்பதைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்த சம்பந்தியை வாங்க என்று கேட்பது முறை. கேட்டார்கள். இவர்கள் தவிரப் பூசை வைக்க ஒரு குருக்கள். வேறு யாரும் இல்லை.

வண்டி முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. ராம்குமார் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் ஆபீசில் பாதிப் பேர் இப்படி வண்டிக்கு மாறிவிட்டார்களாம், இவனும் மாறிவிட்டான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தவன், வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்ததில் இருந்து ராஜபாளையத்தில் அந்த வண்டியைச் சுற்றி ஆள் கூடாத நாள் இல்லை.

“எல்லாரும் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் மச்சான்” என்று காமராஜ் சலித்துக்கொண்டார். “எம்புட்டுத் தூரம் போகும், பாதியில நின்னா என்ன செய்வீக? பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கி. கேக்கிறவன் ஊர் பூரா இருக்கான். வாங்குறவன் ஒருத்தனைக் காணோம்.”

“அப்படிச் சொல்லாதீக” என்றார் வேல்சாமி. “நானும் ஒண்ணுக்குச் சொல்லி வச்சிருக்கேன். இந்த வண்டி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு எடுக்கலாம்னு இருக்கேன்.”

சமுத்திரம் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தார். அவருக்கு அந்த வண்டியோடு வேறு கணக்கு இருந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. மற்ற வீடுகளில் பெண்ணழைப்புக்கு மாப்பிள்ளை வீட்டார் வண்டி அனுப்புவார்கள், பெண் ஏறிப் போவாள். இவர்கள் வீட்டில் அது கிடையாது. பெண் தன் வீட்டு வண்டியில்தான் போவாள். அந்த வண்டியைத் தாய்மாமன்தான் ஓட்டுவான். சம்பளத்துக்கு வந்தவன் கையில் பெண் இருக்கும் வண்டியைக் கொடுத்தார்கள் என்ற பேச்சு இன்றுவரை வந்ததில்லை. செல்வலட்சுமியின் பெண்ணழைப்புக்கு வண்டி ஓட்டியவர் கருத்தையா மாமா. சமுத்திரத்தின் அக்காள் மகள்கள் இரண்டு பேருக்கும் ஓட்டியவர் சமுத்திரம். இனி அவர் ஓட்ட வேண்டிய பெண் தங்கை மகள் செல்வி ஒருத்திதான். அவளை ஓட்டி அழைத்துப் போய்விட்டால் தாய்மாமன் கடமை முடிந்தது. அவளுக்கு ஓட்டாமல் போனால், முந்தி ஓட்டிய இரண்டும் கணக்கில் வராது என்று அவர் நினைத்தார்.

அதற்கெல்லாம் அம்பாசிடர் இருந்தது. பால் நிற அம்பாசிடர். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். விளக்குக்கு ஒரு குமிழ், இழுத்தால் எரியும். வைப்பருக்கு ஒரு குமிழ். காலைக் குளிரில் கிளப்புவதற்கு சோக் என்று ஒரு குமிழ், அதை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும், புத்திக்குத் தெரியாது. எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்தும் பொத்தான் தரையில் இருக்கும். இடது கால் அதைத் தானாகத் தேடிப் போய் மிதிக்கும். கண்ணை ரோட்டில் வைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் கையும் காலும் பார்த்துக்கொள்ளும். பேப்பரைப் புதுப்பிக்க வழியில்லாமல் போன பிறகுதான் அதைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் வெகு நாள், சோற்றுக்கு உட்காரும்போதுகூட அவர் இடது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது என்பதை சீனியம்மாள் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

இந்த வண்டியில் குமிழ் என்று ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் திரை. கறுப்பாக, பளபளவென்று, முன்னால் நிறுத்திவைத்த டிவி மாதிரி.

“ஏலே ராமு, லைட்டு எங்கிட்டுப் போடணும்?”

“திரையில மாமா. ஓரத்துல கார் படம் இருக்கு பாருங்க. அதைத் தொட்டா உள்ள போகும். அதுக்குள்ள லைட்டுக்குத் தனியா ஒரு பக்கம் வரும்.”

“ஏசி?”

“அதுவும் அங்கதான்.”

“மூஞ்சிக்கு அடிக்கிற காத்தைத் திருப்பணும்னா?”

“அதையும் விரலால இழுத்து விடணும் மாமா.”

சமுத்திரம் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். “ஹாரன்?”

“அது ஸ்டியரிங்குல.”

“நல்லவேளை. அதை மட்டும் கண்ணாடிக்குள்ள போட்டுப் பூட்டாம விட்டிருக்கான்.”

ராம்குமார் சிரித்தான். “இப்பச் சில கம்பெனிக்காரங்க திரும்ப பட்டன் வைக்கப் போறாங்களாம் மாமா. ஜனங்களுக்குத் திரை சலிச்சுப் போச்சாம்.”

“அப்படின்னா நம்ம தலையில எதுக்குல இதைக் கட்டுனான்?”

குருக்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். தீபாராதனை ஆயிற்று. சமுத்திரம் வண்டியை எடுத்துப் பழத்தின் மேல் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ராம்குமார் வண்டியை உயிர்ப்பித்து, வெயிலுக்கு ஏசியும் போட்டுவிட்டு இறங்கி நின்றான். அப்போதுதான் சீனியம்மாள் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள்.

சந்தனம் வைப்பது அவள் வேலை. அம்பாசிடர் காலத்தில் ஆயுத பூசைக்கு அவள் ஒரு குமிழை விட்டதில்லை. லைட்டுக்கு ஒரு பொட்டு, வைப்பருக்கு ஒன்று, சோக்குக்கு ஒன்று, சாவித் துவாரத்துக்கு ஒன்று. பூசை முடிந்து மறுநாள் வண்டியை எடுத்தால் சமுத்திரத்தின் விரலெல்லாம் மணக்கும். இந்த வண்டியில் அவள் கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றது.

“எங்கன வைக்கிறதுன்னே தெரியலையே” என்றாள். பிறகு அவள் கண் திரையில் விழுந்தது. சாமி படம் போலச் சட்டம் போட்டு, நடுவில், எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது. “இதுதான் வண்டிக்கு மூஞ்சி போல.” சந்தனத்தைத் தாராளமாக எடுத்துத் திரையின் நாலு மூலைக்கும் நாலு பொட்டு வைத்தாள். நடுவில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தாள். இப்போதுதான் கரைத்த சந்தனம், பன்னீர் விட்டது. சொட்டச் சொட்ட ஈரம்.

அவ்வளவுதான். முதலில் வைப்பர் வறட்டுக் கண்ணாடியில் கிறீச்சென்று ஆடத் தொடங்கியது. ஏசி முழு வேகத்தில் சீறிக் குங்குமத்தைக் கிளப்பி இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. நாலு கண்ணாடியும் இறங்கின. பாட்டு ஒன்று கோயில் மணியை அமுக்கிக்கொண்டு அலறியது. பின்கதவு தானாக மேலே எழும்பி, குருக்கள் கையில் இருந்த தட்டைத் தட்டிவிட, தேங்காய் மூடி ரோட்டில் உருண்டது. சமுத்திரம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். துடைத்ததையும் வண்டி உத்தரவாக எடுத்துக்கொண்டது. அவர் உட்கார்ந்திருந்த சீட் மெல்லப் பின்னால் நகர்ந்தது, பிறகு சாய்ந்தது, பிறகு இன்னும் சாய்ந்தது. எந்தச் சபையிலும் முதுகு வளைத்து உட்கார்ந்து அறியாத மனிதர், சவரக் கடை நாற்காலியில் கிடப்பவர் போல மல்லாந்து வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ராம்குமார் ஓடி வந்து எதையோ செய்து வண்டியை அணைத்தான்.

சத்தம் நின்றதும் கேட்டது வேல்சாமியின் சிரிப்புதான். “என்ன அண்ணாச்சி, வண்டிக்கு அருள் வந்துருச்சா?” என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எதைப் போட்டு அமுக்குனீக?” என்று கேட்டார்.

சமுத்திரம் எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சீனியம்மாள் கிண்ணத்தைப் பிடித்தபடி உறைந்து போயிருந்தாள். அவள் மூன்று விரலிலும் சந்தனம். சம்பந்தி வீட்டு ஆள் முன்னால் அவள் பெயர் வரக் கூடாது.

“கை பட்டுருச்சு” என்றார்.

வேல்சாமி கதவோரம் வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “கோவிச்சுக்கிடாதீக. இது கண்ணாடி வண்டி. வயசான கைக்கு ஒத்து வராது. பெண்ணழைப்புக்கு எங்க டிரைவர் ஜோயல் வந்து ஓட்டிக்கிடட்டும். உங்க வீட்டு வண்டிதான், ஆளு மட்டும் எங்க ஆளு. ரெண்டு வீட்டு முறையும் ஆச்சுல்லா?”

காமராஜ் தொண்டையைச் செருமினார். மைத்துனர் முகத்தைப் பார்க்காமல், “யோசிப்போம்” என்றார். சம்பந்தி முன்னால் பெண்ணைப் பெற்றவன் யோசிப்போம் என்றால் பாதி சம்மதம் என்று அர்த்தம். செல்வலட்சுமி அண்ணனைப் பார்த்தாள்.

எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றியவன் ராம்குமார். ராஜபாளையம் திரும்பும் வழி முழுக்க அவனே ஓட்டினான். சமுத்திரம் பின் சீட்டில், மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு ஒரு கியர். இங்கே மூன்றாவது, பாலத்துக்கு முன்னால் இரண்டாவது, மில் வாசலில் ஷிப்டு விடும் நேரமென்றால் காலை பிரேக்கில் இருந்து எடுக்கவே கூடாது. இந்த வண்டியில் கியரும் இல்லை, சத்தமும் இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீனியம்மாள் கேட்டாள். “சந்தனம் வச்சது நான்தானே. ஏன் சொல்லல?”

“சொல்லி என்னத்துக்கு?”

“அவிய முன்னாடி நீங்கள்ல தலை குனிஞ்சீக.”

“குனியல. சீட்டுதான் சாஞ்சுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளில் இருந்து சீனியம்மாளை மதியத்தில் வீட்டில் காணவில்லை. மாவு அரைக்கப் போகிறேன், செல்வலட்சுமி வீட்டில் முறுக்குச் சுடுகிறார்கள், கை வேண்டுமாம், இப்படி ஏதாவது சொல்லிவிட்டுப் போனாள். கல்யாண வீடு, வேலை இருக்கத்தான் செய்யும் என்று அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அவர் கட்டிலில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரே நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் அப்படிச் செருகினால் ஏதோ தீர்மானம் ஆகிவிட்டது என்று பொருள்.

“அந்தத் திரையில எது எங்க இருக்குன்னு எனக்கு இப்ப அத்துப்படி.”

“என்னது?”

“செல்வி சொல்லிக் குடுத்தா. போன்ல பேத்தியப் பாக்கிற மாதிரிதான். தொடணும், தள்ளணும், அம்புட்டுதான். ஓட்டுறது நீங்க ஓட்டுங்க. தட்டுறதை நான் தட்டுதேன்.”

சமுத்திரம் பேப்பரை மடித்தார். “பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து லைட்டு போடணும், நான் ஓட்டணும், அப்படித்தான? ஊர்ல என்ன சொல்லுவான்? சமுத்திரத்துக்குப் பாதி வண்டிதான் ஓட்டத் தெரியும்னு சொல்லுவான்.”

“பரிபூரணம் அத்தைய யாரு என்ன சொன்னா?”

அவருக்குச் சுருக்கென்றது. தங்கை லட்சுமியின் பெண்ணழைப்பு அன்று பெய்த மழை அப்படி. கருத்தையா மாமா ஓட்டினார். பக்கத்தில் அவர் சம்சாரம் பரிபூரணம் அத்தை. பின் சீட்டில் லட்சுமியோடு வாலிபனாகச் சமுத்திரம். வண்டி ஊரைத் தாண்டும் முன்பே உள்கண்ணாடி முழுக்க மூச்சாவி படிந்துவிட்டது. அத்தை பட்டுச் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரை மாமாவின் முகத்துக்கு நேரே துடைத்துக்கொண்டே வந்தாள். இடது பக்கம் தலையை வெளியே நீட்டி நனைந்துகொண்டு, “மாட்டு வண்டி ஒதுங்குது, வரலாம், வரலாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது அவள் பாதிச் சேலை ஈரம். அத்தைதான் ஓட்டினாள் என்று யாரும் சொன்னதில்லை. கருத்தையா ஓட்டினார் என்றுதான் இன்றுவரை பேச்சு. மாமா மட்டும், தான் போகும்வரை, “நானும் பரிபூரணமும் ஓட்டிட்டுப் போனோம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சமுத்திரம் அதைப் பல தடவை கேட்டிருக்கிறார். கிழவர் பெண்டாட்டி மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“சாவிய வாங்கிட்டு வா” என்றார்.

“சாவி கிடையாதாம். அட்டைதான்.” முந்தானை முடிச்சில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

தறிக்குப் பின்னால் வெளுத்த துணி காயப்போடும் களம் உண்டு. ஞாயிறு என்பதால் கொடியெல்லாம் காலி. வெள்ளைத் துணி இல்லாத அந்தப் பெரிய வெட்டவெளியில் இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். முதல் சுற்றில் அவர் இடது கை ஸ்டியரிங் தண்டில் இல்லாத கியரைத் தேடியது. காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து நின்றுவிட, “இது என்னடி, கோவிச்சுக்கிட்ட மாடு மாதிரி நிக்குது” என்றார். போகப் போக அந்தக் குணமும் பிடிபட்டது. அவர் “காத்து” என்பார், அவள் விரல் போகும். “கண்ணாடி” என்பார், இறங்கும். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்லும் முன்னாலேயே அவள் தட்டத் தொடங்கினாள். அவர் கண் முன்னால் இருந்த தடத்தை விட்டு அகலவில்லை. அம்பாசிடருக்குப் பிறகு இப்போதுதான் மறுபடியும் அப்படி ஓட்டுகிறோம் என்று அவருக்குப் பட்டது.

ஒரு கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு வேல்சாமி ராஜபாளையம் வந்து இறங்கியது அந்த வாரத்தில்தான். காமராஜ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஜோயல் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். காமராஜ் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார், எடுத்தார், மறுபடியும் தள்ளினார். சமுத்திரம் வாசலில் வந்து நின்றார்.

“வாங்க சம்பந்தி. அந்தப் பேச்சு செத்த நேரம் இருக்கட்டும். சேத்தூர்ல எனக்கு நூல்காரரைப் பாக்கணும். வாரீகளா, பேசிக்கிட்டே போயிட்டு வருவோம். மாப்ள, நீங்களும் ஏறுங்க.”

வேல்சாமியும் காமராஜும் பின்னால் ஏறினார்கள். முன்னால் சீனியம்மாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “தங்கச்சி எங்க, கடைக்கா?” என்றார் வேல்சாமி.

“இல்லண்ணே. வண்டிக்கு” என்றாள் அவள்.

சேத்தூர் ரோட்டில் தென்னந்தோப்புகளின் நிழல் ரோட்டின் குறுக்கே கிடந்தது. ஒரு ஆட்டு மந்தை வழியை அடைத்துக்கொண்டு போனது. சத்தமில்லாத வண்டி என்பதால் ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேய்த்தவளும் பார்க்கவில்லை. சமுத்திரம் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். அவள் திரும்பி, “ஆத்தாடி, பூனை கணக்கா வந்து நிக்கானே!” என்று கத்திக்கொண்டு ஆட்டை விலக்கினாள். பின்னால் காமராஜ் சிரித்துவிட்டார். வேல்சாமி சிரிக்கவில்லை, கவனித்துக்கொண்டிருந்தார்.

நூல்காரரோடு பேச்சு முடிந்ததும் வண்டியைத் திருப்ப வேண்டும். கடைத்தெரு குறுகல். ஒரு பக்கம் பஸ் நின்றது, மறுபக்கம் பைக்குகள். திரையில் பின்பக்கம் தெரிந்தது. சமுத்திரம் அதைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார், சம்சாரத்தின் குரலைக் கேட்டார். “வரலாம்… வரலாம்… பைக்கு இருக்கு, கொஞ்சம் ஒடிங்க… வரலாம்… போதும்.” ஒரே ஒடிப்பில் வண்டி திரும்பியது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

“அண்ணே, காத்து போதுமா, கூட்டவா?” என்று சீனியம்மாள் திரும்பாமல் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கூட்டியும் விட்டாள். வேல்சாமி துண்டை எடுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டார்.

“போதும் தாயி. மார்கழியே வந்துருச்சு.”

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார். “அண்ணாச்சி, இம்புட்டு நல்லா ஓட்டுதீகளே. அன்னைக்குக் கோயில்ல என்ன ஆச்சு?”

“கை பட்டுருச்சுன்னு சொன்னேனே.”

“அவுக கை ஒண்ணும் படலண்ணே” என்றாள் சீனியம்மாள்.

“ஏட்டி, பேசாம வா.”

“பேசாம வந்தது போதும்.” அவள் இப்போது திரும்பி உட்கார்ந்தாள். “ஈரச் சந்தனத்தை அந்தத் திரையில அப்புனது நான். ஈரம் பட்டா அதுக்கு விரல் பட்ட மாதிரியாம். பத்து விரலு ஒண்ணாத் தொட்ட மாதிரி அது ஆடித் தீத்துருச்சு. இவுக என் பேரைச் சொல்ல மாட்டேன்னு தன் பேரைக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்காக.”

சமுத்திரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. காமராஜ் மைத்துனரின் பிடரியைப் பார்த்தார், பிறகு தன் மடியைப் பார்த்தார். “மச்சான், அன்னைக்கு நான் யோசிப்போம்னு சொல்லியிருக்கப்படாது” என்றார்.

வேல்சாமி மெல்லச் சிரித்தார். அது அன்றைய சிரிப்பு இல்லை. “ஜோயலை வேற வேலைக்கு அனுப்பிக்கிடுதேன்” என்றார். ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டே, “நான் சொல்லி வச்ச வண்டியையும் வேண்டாம்னுதான் சொல்லணும் போல” என்றார்.

“ஏன்? வண்டி நல்ல வண்டி சம்பந்தி. சும்மா சொல்லக் கூடாது. பேட்டரி கீட்டரி எல்லாம்…”

“பேட்டரிக்கு என்ன அண்ணாச்சி. பக்கத்துல உக்காந்து தட்டி விடுறதுக்கு எனக்கு ஆளு இல்லையே.”

வேல்சாமியின் சம்சாரம் தவறி இரண்டு வருஷம் ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. சீனியம்மாள் முன்பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே பின்சீட்டுக்குப் போகும் காற்றைக் குறைத்தாள்.

ராஜபாளையம் நெருங்கும்போது சமுத்திரம், “பட்டன் வச்ச வண்டி திரும்ப வருதாம். ராமு சொன்னான்” என்றார். “பொறுத்து எடுங்க. வந்ததும் நானும் கூட வாரேன் பாக்குறதுக்கு.”

“வாங்க” என்றார் வேல்சாமி.

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் வண்டி முழுக்க மல்லிகையும் ரோஜாவும் கட்டியிருந்தார்கள். ராம்குமார் சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான். சீனியம்மாள் சந்தனத்தைச் சக்கரத்துக்கும் முன் மூடிக்கும் மட்டும் வைத்தாள். பின்னால் செல்வியும் அவள் தாயும் ஏறினார்கள். சமுத்திரம் புது வேட்டி சட்டையில், முதுகு நிமிர்ந்து, ஏறி உட்கார்ந்தார். தெருவில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். வண்டி நகர்ந்தது தெரியாமல் நகர்ந்தது.

ஊரைத் தாண்டியதும் அவருக்கு ஒன்று கேட்டது. முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு தெரிந்தது, வளையல் சத்தம். செல்வி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அவளை அணைத்துக்கொண்டு லட்சுமி தழுதழுத்த குரலில் ஏதோ சொல்லும் சத்தம். அக்காள் மகள்கள் இரண்டு பேரையும் இதே ரோட்டில்தான் ஓட்டி அழைத்துப் போனார். அவர்கள் அழுதார்களா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அம்பாசிடரின் இரைச்சலில் பின்சீட்டில் பேசினாலும் கேட்காது. கழுத்தில் மாலையோடு இறங்கும்போது மை கலைந்த முகங்களைப் பார்த்திருக்கிறார். வியர்வை என்று நினைத்தார். லட்சுமி அவள் பெண்ணழைப்பில் அழுதது மட்டும் தெரியும், அன்று அவர் அவள் பக்கத்திலேயே இருந்தார்.

“அழாதே தாயி” என்றார், கண்ணை ரோட்டில் இருந்து எடுக்காமல். “எம்புட்டுத் தூரம்? இந்தா இருக்கு வில்லிபுத்தூரு. நெனச்ச ஒடனே வந்துருவேன்.”

“நீங்க மட்டும் எப்படி மாமா வருவீக?” என்றாள் செல்வி, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில். “அத்தையும் வரணும்ல.”

“அவ இல்லாம இது நகராதே.”

மலை கறுத்துக்கொண்டு வந்தது. சீனியம்மாள் விளக்கைப் போட்டாள். மண்டபத்து வாசலில் வேல்சாமி ஆரத்தித் தட்டுக்காரர்களுக்கு முன்னால் நின்றார். சமுத்திரம் வண்டியை மெதுவாக, பூ ஒன்றும் உதிராமல், கோலத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். இறங்கி, பின் கதவைத் தானே திறந்து, மருமகளின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது: அது தானாகவே ஓடுகிற வண்டி, சமுத்திரம் பேருக்கு ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று. அது பொய். அந்த வண்டிக்குத் தானாக ஓடத் தெரியாது. செல்வியின் பெண்ணழைப்புக்கு வண்டி ஓட்டியவர் அவள் தாய்மாமன்.